பவுடர் பூசிய தப்பு

ஆக்லாந்தின் ஒடாஹுஹு ரயில் நிலையத்தில் இறங்கியதும் தாரிணி பைக்குள் கைவிட்டுத் தாள்களை எண்ணினாள். ஒன்பது இருந்தன. கிளென்ஃபீல்டில் பஸ் ஏறும்போதும் ஒன்பது, நகரத்தில் ரயிலுக்கு மாறும்போதும் ஒன்பது. தானாகக் குறையவே முடியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு கவலைப்பட அவளால் மட்டும்தான் முடியும்.

அந்த ஒன்பது தாளில் இருந்தது ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயம். எழுதியவர் தடாலா சிர்வா, மலாவி நாட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவராகச் சேர்ந்து, நிருபராகி, அந்த நாளிதழ் மூடப்பட்ட மறுவாரமே மினிபஸ் நிலையத்தில் நின்று, தானே எழுதித் தானே அச்சடித்த ஒற்றைத் தாள் செய்தியிதழைக் கூவி விற்றவர். பிறகு மக்காச்சோளம் அரைக்கும் மில்லின் மாடியில் ஓர் அறை பிடித்து வானொலி தொடங்கினார். கீழே மில் ஓடினால் மேலே பேசுவது கேட்காது. அதனால் மில்லை நிறுத்தும் நேரம்தான் அந்த ஊருக்குச் செய்தி நேரம். இன்று அந்த வானொலி நான்கு நாடுகளில் ஒலிக்கிறது, கூடவே ஒரு பத்திரிகையும் ஒரு பதிப்பகமும் நடக்கின்றன. இதற்கு நடுவே எங்கிருந்தோ நேரம் திருடி மூன்று நாவல்கள். நான்காவதாகத் தன் வாழ்க்கையையே எழுதியிருந்தார்.

தாரிணிக்கு இருபத்தாறு வயது. கிளென்ஃபீல்ட் மாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைசி வரி தெரிகிறதா, இந்தப் பக்கம் தெளிவா அந்தப் பக்கம் தெளிவா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பாள். மதிய இடைவேளையில் அவளே வேறெங்கோ இருப்பாள். ரொட்டியைக் கடித்துக்கொண்டே ரஷ்யப் பனியில் நடந்திருக்கிறாள், கொலம்பிய மழையில் நனைந்திருக்கிறாள், எகிப்தின் சந்துகளில் வழி தவறியிருக்கிறாள். எல்லாம் யாரோ யாருக்காகவோ மொழிபெயர்த்த புத்தகங்கள். அப்படித்தான் ஒரு நாள் நூலக அலமாரியில் தடாலா சிர்வா கிடைத்தார். அவருடைய தன்வரலாற்றை வாசித்து முடித்த இரவு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. யாரும் கேட்காமலே தமிழில் எழுதத் தொடங்கி, ஏழு மாதத்தில் முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டு, அதன்பிறகுதான் அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டாள்.

பதில் இரண்டு வரியில் வந்தது. ஆக்லாந்தில் ஓர் இலக்கிய விழாவுக்கு வருகிறேன், படித்துக் காட்டு. உன் மொழி பேசுகிற, என் புத்தகத்தைப் படிக்காத இரண்டு பேரைக் கூட்டி வா.

அந்த இரண்டு பேர் எதற்கு என்று அடுத்த மின்னஞ்சலில் அவருடைய அலுவலகம் விளக்கியது. தெரியாத மொழியில் வந்த மொழிபெயர்ப்பைத் தடாலா சோதிக்கும் விதமே தனி. மொழிபெயர்த்தவர் உரக்கப் படிக்க வேண்டும். கேட்டவர்கள் அந்தக் கதையை அவரிடம் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். தான் எழுதியது தன்னிடமே திரும்பி வந்து சேர்ந்தால் சம்மதம், இல்லாவிட்டால் இல்லை. எட்டு மொழிகளுக்கு இப்படித்தான் உரிமை கொடுத்திருக்கிறார். ஒன்பதாவதாகத் தமிழ். அதற்குச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகமும் கேட்டிருந்தது. பதினான்கு புத்தகம் மொழிபெயர்த்த ஒருவரை அவர்கள் தயாராக வைத்திருந்தார்கள். தாரிணி மொழிபெயர்த்தது இந்த ஒன்றைத்தான். தடாலா நாளைக் காலை விமானம் ஏறுகிறார். ஆகவே இந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் எல்லாம்.

இடம் ஏற்பாடு செய்தது கௌசிகன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் வானொலி நடத்துபவன். ஒடாஹுஹு கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் அவனுடைய ஒலிப்பதிவு அறை இருந்தது. படியேறி வந்தவளை வாசலிலேயே மறித்தான்.

"தங்கச்சி, அக்கா வந்திட்டா. சொன்ன நேரத்துக்கு இருபது நிமிசம் முன்னமே தடாலெண்டு வந்து நிக்கிறா. பெயருக்கு ஏத்த ஆள்."

"அண்ணா, அவங்க முன்னாடி இதைச் சொல்லிடாதீங்க."

"சொல்லிப் போட்டன். அவவின்ர மொழியில அதுக்கு ஆசீர்வாதம் எண்டு அர்த்தமாம். எங்கட மொழியில விழுறது எண்டு நான் சொல்ல, அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

உள்ளே தடாலா சிர்வா ஜன்னலோரம் நின்று கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் பார்த்ததைவிட உயரம் குறைவு, குரல் பெரிது. தாரிணி வணக்கம் சொல்வதற்குள், எதிரே இருக்கும் முடிவெட்டும் கடைக்காரர் இந்தப் பத்து நிமிடத்தில் மூன்று பேரிடம் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார், மூன்று பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், அவரை வானொலிக்கு எடுக்கலாம் என்றார்.

கேட்க வந்தவர்கள் இருவர். அம்புஜம், ஈரோட்டுப் பக்கம், முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருப்பவர். இரத்தினசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இந்தப் பக்கத்துச் சாலைகளில் பஸ் ஓட்டுகிறவர். இருவரும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்புஜம் புதுச் சேலை வேறு கட்டி வந்திருந்தார்.

தாரிணி படித்தாள். முதல் தாளில் தடுமாறினாள், இரண்டாம் தாளில் சரியாகிவிட்டது. அத்தியாயம் அவளுக்கு அவ்வளவு பிடித்தமானது. அதிகம் பேசாத அப்பா ஊர்க் கடையில் வேலை பார்க்கிறார். மாலை நான்கு மணிக்கு ஒரு லாரி வந்து காலி டின்களை ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போகிறது. பதினோரு வயது மகள் பள்ளி நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, ஊரில் நடந்ததையெல்லாம் எழுதி, ஒவ்வொரு டின்னிலும் ஒன்றாகக் கட்டி அனுப்புகிறாள். யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தப் பாலம் உடைந்தது, ஆசிரியர் ஏன் கோபமாக இருக்கிறார். ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் ஒரு டின் பதிலோடு திரும்பி வருகிறது. எங்கள் புள்ளிப் பசு படுத்துவிட்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, யாருக்காவது வைத்தியம் தெரியுமா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுமி அன்று அதையே முப்பது தாளில் எழுதி முப்பது டின்களிலும் கட்டி முப்பது கிராமங்களுக்கு அனுப்புகிறாள். தன் வாழ்க்கையின் முதல் பத்திரிகை அதுதான் என்று சொல்லி அத்தியாயத்தை முடிக்கிறார் தடாலா.

படித்து முடித்ததும் அம்புஜம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதியோர் இல்லத்தில் பணி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கும் அதே ஆங்கிலத்தில், ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பா டெய்ரியில் வேலை. நல்ல மனிதர், பேச்சுக் குறைவு. மகள் துறுதுறுப்பு. இத்தனை மணிக்கு லாரி, இத்தனை டின். அடுத்து இரத்தினசிங்கம் சொன்னார். அவருக்கு லாரி ஓட்டுநர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. டெய்ரியிலிருந்து மலையேறும் பாதையில் ஒவ்வொரு வளைவையும் கைகளாலேயே ஓட்டிக் காட்டினார். பசு படுத்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தடாலா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தலை மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, டெய்ரியில் என் அப்பா நிற்பதை இத்தனை வருடம் கழித்து இரண்டு அந்நியர்கள் வாயால் கேட்கிறேன் என்றார். பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கௌசிகன் தேநீர் கொண்டுவரப் போனான். அம்புஜம் தாரிணியின் கன்னத்தைக் கிள்ளினார்.

அப்போதுதான் இரத்தினசிங்கம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு அவளிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, வடிவா எழுதியிருக்கிறீர். ஒண்டு மட்டும் விளங்கேல்லை, கேக்கட்டே?"

"கேளுங்க அங்கிள்."

"கடைக்காரன்ர வெறும் டின்னை மாட்டுக்காரன் என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் திருப்பி அனுப்புறான்? பால் நிரப்பி அனுப்புற கான் எண்டால் சரி. இது தகர டின் எல்லோ?"

ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போல என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டு, பிஸ்கட்டை எடுக்கப் போய்விட்டார்.

தாரிணி தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

பால் நிரப்பி அனுப்புகிற கேன்.

மூல நூலின் முதல் வரி அவளுக்கு மனப்பாடம். என் அப்பா டெய்ரியில் வேலை பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், அம்மா கையில் நாணயங்களைக் கொடுத்து, தெருமுனை டெய்ரியில் ரொட்டி வாங்கிவா என்று அனுப்பினாள். ஆக்லாந்தில் தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர். ரொட்டி, மிட்டாய், நாளிதழ், ஐஸ்கிரீம், எல்லாம் விற்கும் பெட்டிக்கடை டெய்ரி. டெய்ரி பண்ணை என்று சேர்த்துச் சொன்னால் மாடு நினைவுக்கு வரும். தனியாக டெய்ரி என்றால் கடை. அவள் இங்கே கற்ற முதல் பத்து ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று. அதை யாராவது அகராதியில் பார்ப்பார்களா?

மலாவியில் டெய்ரி என்றால் பால் சேர்க்கும் இடம். மலையிலிருந்து கேன்களில் பால் இறங்கும், காலிக் கேன்கள் மாலையில் மலையேறும். அப்பா ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார் என்று வரும் இடத்தில், அந்த ஊரில் மழை அதிகம்போல என்று அவள் நினைத்தாள். பால் கேனைத் தகர டின்னாகவும், குளிரூட்டும் தொட்டியை ஐஸ்கிரீம் பெட்டியாகவும் ஆக்கினாள். கேனின் கழுத்தில் தாளைக் கட்டினேன் என்பதில் மட்டும் இரண்டு நாள் நின்றாள். டின்னுக்கு ஏது கழுத்து? கடைசியில் கழுத்தை வெட்டிவிட்டு விளிம்பு என்று போட்டாள். ஒரு தப்பு வீட்டுக்குள் நுழைந்து, பிறகு தன் சொந்தபந்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டது.

அதைவிட வேடிக்கை, அவள் கடை என்று படித்ததைக் கேட்டவர்கள் இருவரும் ஆக்லாந்துக்காரர்கள். கடையை அவர்கள் ஆங்கிலத்தில் டெய்ரி என்றுதான் சொல்வார்கள், சொன்னார்கள். தப்பாகப் போன சொல் தப்பாகவே திரும்பி, சரியான உருவத்தில் தடாலாவின் காதில் விழுந்துவிட்டது. எட்டு மொழிகளில் ஏமாறாத சோதனை தெருமுனைக் கடையில் ஏமாந்துவிட்டது.

மேசைமேல் ஒப்பந்தம் இருந்தது. தாரிணி அதைப் பார்த்தாள். திங்கட்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிடலாம். கடையைப் பால் நிலையம் ஆக்கி, டின்னைக் கேன் ஆக்கி, கழுத்தைத் திரும்ப ஒட்டிவிட்டால், யாருக்கு என்ன தெரியப்போகிறது? புத்தகம் சரியாகவே வரும். யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்படி எண்ணி அவள் ஒரு மடக்குத் தேநீர் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

தடாலா பேனாவின் மூடியைக் கழற்றினார். கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வி என்றார். தன் வானொலியில் யார் மைக் முன்னால் போனாலும், நிருபரோ நிகழ்ச்சி நடத்துபவரோ, கதவருகே நிறுத்தி அதைக் கேட்பாராம். இதில் நீ எங்கே தப்பு செய்திருக்கிறாய்? வானொலி தொடங்கிய புதிதில் அவரே ஒரு விருந்தாளி வரும் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று கிராமங்கள் தவறான வெள்ளிக்கிழமையில் ஆட்டுக்கறி சமைத்து, காத்திருந்து, கடைசியில் தாங்களே சாப்பிட்டன. எந்தத் தப்பும் இல்லை என்று சொன்ன யாரையும் தான் இதுவரை வேலைக்கு எடுத்ததில்லை என்றார்.

தாரிணியின் வாய் அவளுக்கு முன்னால் ஓடியது. ஐந்தாம் தாளில் மலைச்சரிவில் ஒரு மரம் வருகிறது, அதைத் தைலமரம் என்று எழுதினேன், யூகலிப்டஸ் என்றே விட்டிருக்கலாம், வாசகர்களுக்கு இன்னும் பழக்கமான பெயர் அதுதான் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அழகான தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தப்பு செய்தவள் நல்ல உழைப்பாளி என்று காட்டுகிற தப்பு.

தடாலா பேனாவைக் கீழே வைத்தார்.

"பெண்ணே, இது குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு விருந்துக்கு வந்த தப்பு. நான் கேட்டது அடுப்படியில் ஒளிந்திருப்பதை."

கௌசிகன் இதைத் தமிழில் சொல்லிப் பார்க்க, அம்புஜம் சிரித்துவிட்டார். தாரிணி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் ஒரு டெய்ரி இருந்தது. கண்ணாடியில் ஐஸ்கிரீம் படம், வாசலில் நாளிதழ் அடுக்கு. ஏழு மாதமாக ஒரு நல்ல மனிதரை அவள் அங்கே நிற்க வைத்திருக்கிறாள். அவர் இறந்து பதினாறு வருடம் என்று புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் இருக்கிறது.

"உங்க அப்பாவை நான் கடையில வேலைக்கு வெச்சுட்டேன்" என்றாள். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

எழுந்து ஜன்னலருகே போய் அந்தக் கடையைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். டெய்ரி, டின், ஐஸ்கிரீம் பெட்டி, வெட்டிய கழுத்து. முதலில் பேசியது அம்புஜம்தான்.

"ஐயோ, நானும் டெய்ரின்னுதானே சொன்னேன். கடைன்னு நெனச்சுதான் சொன்னேன். கோட்டை விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு."

"நான் மலைப்பாதையில கடைச் சாமான் ஏத்திக்கொண்டெல்லோ போனனான்" என்றார் இரத்தினசிங்கம்.

தடாலா அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் என்ன விற்றார் என்று மெதுவாகக் கேட்டார். ரொட்டி, மிட்டாய், குளிர்பானம் என்று தாரிணி சொன்னாள். வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டியிருக்குமா? நிறைய, என்றாள் தாரிணி. தடாலாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லவே ஒரு நாள் யோசிப்பவர், ஒரு காலைப் பொழுது தாங்கியிருக்க மாட்டார், மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு மாடுகளிடம் ஓடியிருப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பு மட்டுமல்ல என்று தாரிணிக்குத் தோன்றியது.

சிரித்து முடித்ததும் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

"சோதனை ரத்து. இப்போது மணி மூன்று. ஐந்து மணிக்கு நான் விழாவுக்குக் கிளம்ப வேண்டும். நாலேகாலுக்கு மறுபடி படி. இவர்கள் காது பழசாகிவிட்டது, புதுக் காது வேண்டும்."

உரிமை கிடைக்குமா என்று கேட்கத் தாரிணிக்குத் தைரியம் இல்லை. பேனாவை எடுத்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறையில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். அம்புஜத்துக்குச் சந்தேகமே இல்லை. பால் ஊற்றுகிற இடத்துக்கு எங்கள் பக்கம் சொசைட்டி என்றுதான் பெயர், பால் சொசைட்டி என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்றார். இரத்தினசிங்கம் கையை உயர்த்தினார். "எங்கட ஆக்களுக்குச் சொசைட்டி எண்டால் சங்கக்கடை. திரும்பவும் கடைக்கே போயிடும்." பால் பண்ணை என்று கௌசிகன் சொன்னான். பண்ணையில் மாடு இருக்கும், இங்கே மாடு மலையில் இருக்கிறது என்று அம்புஜம் அதை வெட்டினார். தடாலாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் காலை நீட்டிக்கொண்டு, நல்ல பந்தயம் பார்க்கிறவர்போல முகம் முகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாரிணி பால் நிலையம் என்று எழுதினாள், மலைக் கிராமங்களின் பாலெல்லாம் வந்து சேரும் இடம் என்று பக்கத்திலேயே புரியும்படி செய்தாள். கேன் கேனாகவே வந்தது. கழுத்து திரும்ப வந்தது. ரப்பர் பூட்ஸின்மேல் மழைக்குப் பதிலாக, தரையைக் கழுவிய தண்ணீர் தெறித்தது. பதினேழு இடம் மாறியபின் அத்தியாயத்தை வாசித்தபோது, அதில் ஈரமான சிமெண்டும் பாலும் சேர்ந்த வாசனை வந்ததுபோல் இருந்தது. முன்பு ஏன் இது வரவில்லை என்று அவள் யோசிக்கவும் இல்லை.

புதுக் காதுதான் கிடைக்கவில்லை. கௌசிகன் ஏழு பேரை அழைத்தான். இரண்டு பேர் கோயிலில், ஒருவர் மகனின் கிரிக்கெட் ஆட்டத்தில், மற்றவர்கள் எடுக்கவே இல்லை. மணி நாலைத் தாண்டியது. உன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தடாலா கேட்டார்.

தாரிணி பயந்தது இதற்குத்தான். வீட்டில் அம்மா பத்மாவதி இருந்தாள். மகள் எழுதியதில் ஒரு வரிகூட அவள் இதுவரை கேட்டதில்லை. ஆப்பிரிக்காக் கதை என்றால் பஞ்சமும் அழுகையுமாக இருக்கும், எனக்கு வேண்டாம், நல்ல கல்யாணக் கதையாக ஏதாவது எழுது என்பாள். பாதி படிக்கும்போதே சலித்துப்போய், சரி வரும்போது கறிவேப்பிலை வாங்கிவா என்று சொல்லிவிடக் கூடியவள். ஆனால் வேறு வழி இல்லை.

அழைத்தாள். விஷயத்தைச் சொன்னதும், இதெல்லாம் முன்கூட்டியே சொல்லக் கூடாதா, தலைகூட வாரவில்லை என்றாள் அம்மா. போனில்தானே என்று சமாதானம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தார்கள். நடுவில் யாரும் உதவக் கூடாது என்று தடாலா விரலைக் காட்டினார்.

தாரிணி படித்தாள். முதல் தாள் முழுக்க அந்தப் பக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம். இரண்டாம் தாளில் குக்கர் விசில் அடித்தது. மூன்றாம் தாளில், அப்பா பூட்ஸோடு வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் இடத்தில், போனிலிருந்து ஒரு "உம்" வந்தது. கேன்களின் கழுத்தில் தாள் கட்டியபோது இன்னொரு "உம்". பிறகு வரிக்கு வரி "உம்" வந்தது. தடாலா போனையும் தாரிணியையும் மாறிமாறிப் பார்த்தார். இது என்ன, உடம்பு சரியில்லையா என்று கௌசிகனிடம் தாளில் எழுதிக் கேட்டார். கௌசிகன், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், எங்கள் ஆட்கள் கதை பிடித்தால் அப்படித்தான் என்று எழுதிக் காட்டினான். தடாலா அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். குக்கர் அதன்பிறகு சத்தம் போடவில்லை. அணைத்துவிட்டாள்போல.

படித்து முடிந்தது. பிறகு பத்மாவதி கேட்டாள்.

"அந்தப் புள்ளிப் பசு எழுந்திரிச்சுதா இல்லையா?"

"அம்மா, அதை அப்புறம் சொல்றேன். முதல்ல நீ கேட்டதை அவங்ககிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும்."

"சொல்றேன், அதுக்கென்ன. பசு என்னாச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"அம்மா."

பத்மாவதி மூச்சை இழுத்துக்கொண்டு தன் ஆங்கிலத்தை எடுத்தாள். மாலிலும் மருந்துக்கடையிலும் பழகிய, வினைச்சொற்களை அதிகம் நம்பாத ஆங்கிலம். "ஃபாதர் மில்க் சொசைட்டி வொர்க். வெரி சைலன்ட். டாட்டர் வெரி டாக்கிங்." அம்புஜம் வெற்றிப் பார்வை பார்த்தார், இரத்தினசிங்கம் இரு கைகளையும் விரித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். மலையிலிருந்து பால் வருகிறது, காலிக் கேன் போகிறது, கேன் கழுத்தில் தபால் போகிறது. தரை வழுக்கும், அதனால் பூட்ஸ். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறார், இல்லாவிட்டால் முப்பது கேனில் கட்டும்வரை லாரியை யார் நிறுத்தி வைத்தது?

தாரிணி நிமிர்ந்தாள். அது அத்தியாயத்தில் இல்லை. அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. தப்பு என்று சொல்ல வாயெடுத்தபோது தடாலா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

தடாலாவின் முகம் மாறியிருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லாரி நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும், முப்பது தாள் கட்ட எனக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும், நாற்பத்தேழு வருடமாக இதை நான் யோசித்ததே இல்லை என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். பிறகு தாரிணியிடம் கேட்டார்.

"நீ படித்து முடித்ததும் அவர் ஒன்று கேட்டாரே. அது என்ன?"

"பசு எழுந்ததா என்று கேட்கிறார்."

ஸ்பீக்கரிலிருந்து பத்மாவதியே குறுக்கிட்டாள். "எஸ் மேடம். வாட் ஹேப்பன் தி கௌ?"

தடாலா பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தார். பேசிக்கொண்டே அதை விரித்தார், பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், பேசிக்கொண்டே தாரிணியின் பக்கம் தள்ளினார். அதைப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை. தடாலா ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, மொழிபெயர் என்று கண்ணைக் காட்டிவிட்டார்.

"மூணாம் நாள் காலையில, எல்லா கேனும் இறங்கினப்புறம், ஒரே ஒரு கேன் மட்டும் கனம் குறைவா இருந்துதாம்மா" என்றாள் தாரிணி.

"உம்."

"திறந்து பார்த்தா உள்ளே பால் இல்ல. பச்சிலை."

"பார்த்தியா, நான் நெனச்சேன்" என்றாள் பத்மாவதி. "அப்புறம்?"